புகார்க் குழுவின் கருணைக்கு ஒரு நன்றி விஞ்ஞாபனம்

நூற்பாலை ஒன்றின் உள்ளகப் புகார்க் குழுத் தலைவி அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ரிங் பிரேம் பகுதியில் சைடராக இருந்த என் தம்பி மகள், இரவு ஷிப்டில் சூப்பர்வைசர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று கொடுத்த மனுவின்பேரில், அவளுடைய பாதுகாப்பை உத்தேசித்து இரவு ஷிப்டையும் அதற்குரிய படியையும் நீக்கி, மன அமைதியை உத்தேசித்துக் கழிவுப் பஞ்சுப் பகுதிக்கு மாற்றிக் கூலியையும் குறைத்து, அதன் பின்னும் அவளிடம் ஏதோ மிச்சமிருப்பதைக் கண்டு, விசாரணை முடியும்வரை சம்பளமில்லாத விடுப்பையும் அனுக்கிரகித்த தங்கள் காருண்யத்துக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. குற்றம் ருசுவானதும் வாய்மொழியாகக் கண்டிக்கப்பெற்ற சூப்பர்வைசர், இயந்திர ஞானம் மிக்கவராகையால், அதே பிரேம்களுக்கிடையே உலாவி வருகிறார்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழுவைப் பற்றிய அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. தங்கள் ஆலையில் அது கோன் பெட்டிகள் அடுக்கிய கிடங்குக் கதவின் உட்புறத்தில், கதவைச் சாத்தினாலொழிய வாசிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கிறதாம். உள்ளே கதவு சாத்தப்பட்டுவிட்ட பெண்ணுக்குத்தானே அது தேவைப்படும் என்ற தீர்க்கதரிசனத்தை மெச்சுகிறேன்.

நஷ்டஈட்டை நிர்ணயிக்கையில் உத்தியோக வாய்ப்பில் நேர்ந்த இழப்பையும் கணக்கிடவேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. ‘கல்யாணமானால் எப்படியும் நின்றுவிடுவாள்’ என்று தாங்கள் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டீர்கள். கணக்கில் நான் பலவீனன். ஆகவே ஒரு சந்தேகம். தபால் வழியில் அவள் படித்துவந்து பாதியில் நின்ற பி.காம்., அவள் பேரில் தொடங்கி இப்போது துடைத்தெடுக்கப்பட்ட வங்கிக் கணக்கு, அவள் கூலியை நம்பிப் பாலிடெக்னிக்கில் சேர்ந்த தம்பி ஆகிய இவையெல்லாம் பூஜ்யத்துக்குள் அடக்கமா? செய்தி பரவியபின் மில் வேன் எங்கள் தெருவில் நிற்பதேயில்லை, ஏறுவதற்கு ஆளில்லை. அடுத்த வருஷம் வேலைக்குப் போகவிருந்த 17 வயதுப் பெண்ணொருத்திக்கு அவசர அவசரமாக ஜாதகம் பார்க்கிறார்கள். ராஜஸ்தானத்தில் பால்ய விவாகத்தைத் தடுக்கப்போன அரசுத் திட்டப் பணியாளர் ஒருவருக்கு 1992-இல் இழைக்கப்பட்ட கொடுமையையொட்டி எழுந்த வழக்கில் 1997-இல் உச்சநீதிமன்றம் வகுத்த விசாகா நெறிகளே இந்தச் சட்டத்துக்கு மூலம் என்பதைத் தாங்கள் அறியாதவரல்ல.

கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். பாதிக்கப்பட்டவள் எழுத்து மூலம் கேட்டால் அவளையோ எதிர்மனுதாரரையோ இடமாற்றம் செய்யப் பரிந்துரைக்கலாம் என்பது 12-ஆம் பிரிவு. அவள் எழுதிக் கேட்டது இரண்டாவதை. தாங்கள் ‘அவளையோ’ என்ற பதத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டது வேலை மிகுதியால் என்றே நம்புகிறேன். இப்போதாவது அந்த வாக்கியத்தைப் பூர்த்தியாக வாசித்து, கழிவுப் பஞ்சுப் பகுதியின் மன அமைதியைச் சூப்பர்வைசர் அவர்களுக்கும் சிறிது காலம் அருளவேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். அங்கே முகக்கவசம் கொடுக்கும் வழக்கமில்லையாம். அவர் சொந்தமாக ஒன்று கொண்டுபோவது உத்தமம்.

இங்ஙனம்,
தங்கள் கருணைக்குப் பாத்திரமான குடும்பத்தின் மூத்தவன்