பணி ஓய்வு மறுக்கும் சொற்கள்: ஒரு மனு

அனுப்புநர்:
வரிசையில் நிற்கும் ஒரு குடிமகன்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
தபால் பிரிவு,
தமிழ்நாட்டின் ஏதேனும் ஓர் அரசு அலுவலகம்.

பொருள்: இயந்திரம் இறந்த பின்னும் பணியில் நீடிக்கும் சொற்கள் – ஓய்வு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக வாசலில் உள்ள 'காகிதமில்லா அலுவலகம்' என்ற பலகை.

ஐயா,

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் வயது 60. சொற்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லாததால் நாட்டில் நடந்துவரும் முறைகேடுகளைத் தங்கள் மேலான பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

முதல் குற்றவாளி 'தந்தி'. 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே வேலைக்குச் சேர்ந்தது. 2013 ஜூலை 14ஆம் தேதியோடு நாடு முழுவதும் சேவை நிறுத்தப்பட்டது. முறைப்படி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஆனாலும் தினமும் காலையில் டீக்கடையில் "தந்தி வந்துருச்சா?" என்று கேட்கிறார்கள். வந்ததும் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு படிக்கவும் செய்கிறார்கள்.

அடுத்தது 'ஓட்டுப்பெட்டி'. 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வருகிறவர் "குத்திட்டேன்" என்கிறார். வேட்பாளரோ "பெட்டியை உடைக்கட்டும், அப்போ தெரியும்" என்று சவால் விடுகிறார். அரசு இயந்திரத்தை உடைத்தால் என்ன பிரிவில் வழக்கு வரும் என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

'புகைவண்டி'யின் கதை இன்னும் மோசம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில்தான் இன்றும் நீராவியில் மூச்சு வாங்குகிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் பணி நீட்டிப்பு தரலாம். ஆனால் பத்திரம் எழுதுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்: எந்த ஊர் ரயிலடியும் அவருக்குப் 'புகைவண்டி நிலையம்'தான். இந்தக் காலத்தில் புகை வருவது ரயிலடிக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில்.

தொலைபேசியில் ஒரு கும்பலே ஒளிந்திருக்கிறது. வைப்பதற்குத் தாங்கி இல்லாத கருவியைப் பார்த்து "போனை வைடா" என்கிறோம். கம்பியே இல்லாதபோது "லைன் கிடைக்கல" என்கிறோம். சொன்னதையே சொல்லும் மாமாவைப் பற்றி "மறுபடியும் அதே பிளேட்டைப் போட்டுட்டார்" என்கிற பிள்ளை, இசைத்தட்டைக் கண்ணால் கண்டதில்லை.

இவர்களில் பிழைக்கத் தெரிந்தவர் 'ரீல்' ஒருவர்தான். திரையரங்குகளுக்குப் படப்பெட்டி வருவது நின்றதும் "ரீல் விடாதே" என்ற வசனத்தை நம்பிக் கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு இன்ஸ்டாகிராமில் மறுநியமனம் பெற்றுவிட்டார். அங்கேயும் பாதிப்பேர் பழைய அர்த்தத்திலேயே அவரை விடுகிறார்கள்.

இந்தச் சொற்களையெல்லாம் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பக் கோரித்தான் இம்மனுவை எழுதத் தொடங்கினேன். தங்கள் அலுவலக வரிசையில் நின்றபடியே எழுதியதால் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. யோசித்ததில், இந்தச் சொற்களால் இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை என்று தெரிந்தது. பெட்டியை உடைக்கச் சொன்ன வேட்பாளர் சுத்தியலோடு போகவில்லை. புகைவண்டி நிலையத்தில் இறங்கியவர் கரி படிந்து வரவில்லை. மக்கள் பழைய சொல்லை வைத்துக்கொண்டு வேலையை மாற்றிக்கொண்டார்கள். தங்கள் அலுவலகம் பழைய வேலையை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டது.

பார்வையில் கண்ட பலகைக்குக் கீழேயே "விண்ணப்பத்துடன் 3 நகல்கள் இணைக்கவும்" என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பழைய பெயர் 'மனு'; இப்போது 'ஆன்லைன் விண்ணப்பம்'. அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பியதை அச்செடுக்க வேண்டும். அதில் பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மறுபடி இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியதற்கான ஒப்புகைச் சீட்டையும் அச்செடுத்து, அசல் ஆவணங்களோடும் ஜெராக்ஸோடும் நேரில் வர வேண்டும். முன்பெல்லாம் நேரில் வந்தால் மட்டும் போதும்.

க்யூஆர் குறியீடும் டிஜிட்டல் கையொப்பமும் உள்ள சான்றிதழை நீட்டினால், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சீல் எங்கே?" என்கிறார்கள். டிஜிட்டல் கையொப்பத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டே சட்ட மதிப்புக் கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் குரூப் 4 தேர்வெழுதி இளநிலை உதவியாளர் ஆகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர்களும் ஜெராக்ஸ்தான் கேட்கிறார்கள்.

தங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. டெல்லியிலும் இதே கதைதான். தந்திச் சேவையை நிறுத்திய பிறகும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் பணியில் நீடித்தது. செல்போன் பேச்சை ஒட்டுக்கேட்க அனுமதி கொடுத்ததும் அந்தச் சட்டத்தின் பெயரால்தான். அதற்கு மாற்றாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது. டீக்கடையில் தந்தி ஒரு பழக்கமாக மட்டும் இருந்தது. அரசிடம் அது அதிகாரமாக இருந்தது.

ஆகவே, சொற்கள் மீதான என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவை சம்பளம் கேட்பதில்லை, மதியம் சாப்பாட்டுக்குப் போய்விட்டு நான்கு மணிக்கு வருவதில்லை, யாரையும் நாளைக்கு வரச் சொல்வதும் இல்லை. சாகும்வரை பணியில் இருக்கட்டும். அவற்றுக்குப் பதிலாக ஓய்வு கொடுக்க வேண்டியவை என்று கீழ்க்கண்டவற்றைப் பரிந்துரைக்கிறேன்:

1. இணையத்தில் ஏற்றிய ஆவணத்தின் ஜெராக்ஸ்.
2. டிஜிட்டல் கையொப்பத்தின் மேல் குத்தச் சொல்லும் வட்ட முத்திரை.
3. "சர்வர் டவுன்" என்ற புதிய பெயரில் பணியாற்றும் பழைய "நாளைக்கு வாங்க".

அரசு தானே கொடுத்து, தன் கணினியிலேயே வைத்திருக்கும் சான்றிதழின் நகலைக் குடிமக்களிடம் கேட்கக் கூடாது என்று ஒரே ஓர் உத்தரவு போடுங்கள். அதைப் புகைவண்டியில் அனுப்பினாலும் சரி, தந்தியில் அடித்தாலும் சரி, எந்தப் பழைய சொல்லால் எழுதினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நடைமுறைக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரிசையில் 43ஆவது ஆள்.