பாக்கெட்டுக்குள் போன கைகள்

கேள்வி: ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய ஸ்கெட்ச் புக்கைப் புரட்டினால், முகங்கள் தேறுகின்றன. ஆனால் அத்தனை பேரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: முதலில் கைகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்! மணிக்கட்டை மோவாயில் வைத்தால் நடுவிரல் நுனி ஏறக்குறைய நெற்றிமுடியைத் தொடும். முகத்தளவு பெரியது கை. முகத்துக்குத் தரும் நேரத்தை அதற்கும் தாருங்கள். பயிற்சிக்கு வான்கோவைப் பாருங்கள்: ஓவியராவது என்று அவர் முடிவெடுத்தது 1880-ல், 27 வயதில். ஷார்ல் பார்க் என்ற ஓவியரின் பயிற்சித் தாள்களைப் பள்ளிப் பிள்ளைபோல் பார்த்துப் பார்த்து வரைந்தார். பின்னாளில் மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் கண்ணாடிமுன் தானே உட்கார்ந்தார். உங்கள் இடது கையும் காசு கேட்காத மாடல்தான். இன்றே தொடங்குங்கள், அந்தப் பழைய ஸ்கெட்ச் புக்கை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.