வண்டிக்குப் பின்னாடி போங்க, பேராண்டிகளா!

வாங்க பேராண்டிகளா, வாம்மா தாயி. கரண்டை மிச்சம் பண்ணணும், குப்பையைப் பிரிக்கணும்னு வீடு வீடாச் சொல்லக் கெளம்பியிருக்கீகளாம். நல்ல காரியம். கெழவன்கிட்ட யோசனை கேக்குறீக, சொல்றேன். பிடிக்கலேன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருங்க. அதுக்கு மீட்டர் ஓடாது.

மொதல்ல முச்சந்தியில பெருசா ஒரு பேனர் வச்சிருங்க. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்'னு மேல போட்டு, கீழ உங்க மூஞ்சி எல்லாம் வரிசையா வரணும். ஃப்ளெக்ஸ்லயே அடிங்க. அப்பத்தான் மழையில நனையாது, மண்ணுல மக்காது. 2019 ஜனவரியில அரசாங்கம் கேரிபேக்கைத் தடை பண்ணுச்சே, அந்தத் தடையைவிட உங்க பேனர் ரொம்ப நாள் தாங்கும். பிரச்சாரம் முடிஞ்சதும் எனக்கே குடுத்துருங்க, ஆட்டுக்கொட்டாய் ஒழுகுது. எரிச்சு மட்டும் விட்றாதீக. அது பி.வி.சி., அந்தப் புகை நெஞ்சைப் பிடிச்சிரும்.

அடுத்தது பை. நாங்க மஞ்சப்பையைக் கக்கத்துல இடுக்கிட்டு டவுனுக்குப் போனப்ப பட்டிக்காட்டான்னு சிரிச்சாக. 2021 டிசம்பர்ல அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு சொல்லவும், பட்டிக்காட்டான் நாகரிகமாகிட்டான். நீங்களும் வீட்டுக்கு ஒரு பை குடுக்குறீக. சந்தோசம். அதுல ஒரு நூலை உருவிப் பாரும்மா. வரலையா? எப்படி வரும், நெஞ்சாத்தானே நூல் இருக்கும்? இது துணி வேசம் கட்டுன பிளாஸ்டிக்கு. கொஞ்சம் கிள்ளித் தீக்குச்சியைக் காட்டுங்க. பருத்தின்னா சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். ஊருக்கெல்லாம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தீக்குச்சி செலவழிச்சாக் குத்தமில்ல.

கரண்டைப் பத்திப் பேசும்போது பூமி சூடாகுதுன்னு ஆரம்பிக்காதீக. சித்திரை மாசத்துல அதை யாருக்குச் சொல்லணும்? "அட்டையை எடுத்துட்டு வாங்கத்தா"ன்னு கேளுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் குறிக்கிறாகளே அந்த அட்டையை. 2016-ல வீட்டுக்கு 100 யூனிட் இலவசமாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டுனாலும் கீழ்ப்படியில கெடக்குற யூனிட்டுக்கும் வெலை ஏறிரும்ங்கிறது பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்க, உக்காரச் சொல்லுவாக.

பெறகு காத்தாடிக் கணக்கைப் போடுங்க. பழைய காத்தாடி 75 வாட்டு. தெனம் 16 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல 72 யூனிட். புதுசா பி.எல்.டி.சி.ன்னு வருதே, அது 30 வாட்டுல ஓடும், 29 யூனிட்டுல முடிஞ்சிரும். வாங்குற வெலை கூடங்கிறதையும் மறைக்காமச் சொல்லுங்க. இந்தக் கணக்கைச் சொன்னா காப்பித்தண்ணி கெடைக்கும். பனிப்பாறை உருகுற கதையைச் சொன்னா, "அப்பா வீட்ல இல்ல"ன்னு உள்ள இருந்து அப்பாவே சொல்லுவாரு.

யாருகிட்டச் சொல்றதுங்கிறதுலயும் ஒரு விவரம் வேணும். தெக்குத்தெருவுல ஒத்தை 9 வாட்டு பல்பை வச்சுக்கிட்டு, இருட்டிக் கண்ணு தெரியாமப் போற வரைக்கும் அதையும் போடாம உக்காந்திருப்பா ஒரு ஆத்தா. அவகிட்டப் போயா சிக்கனம் பேசுனீக? அங்க நீங்க பாடம் நடத்தக் கூடாது, படிச்சிட்டு வரணும். கல்யாண மண்டபத்துக்குப் போங்க. நட்சத்திரக்குறி போட்ட புது ஏசி எல்லாம் போட்டதும் 24-லதான் ஆரம்பிக்கணும்னு 2020-ல விதி வந்துச்சு. அதை 18-க்கு எறக்குறதுக்குன்னே அங்க ரிமோட்டும் கையுமா ஒருத்தர் நிப்பாரு. பட்டுச்சேலைக்கு மேல சால்வையைப் போத்திக்கிட்டுப் பொம்பளைக நடுங்குவாக. ஆமா, உங்க ஆலோசனைக் கூட்டத்தையும் அங்கதானே வச்சீக?

குப்பைக்கு நான் எதுக்கு, பழைய பேப்பர் கடைக்காரர் இருக்காரு. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் குடுத்தவரோட வாரிசு. மறுசுழற்சின்னு பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே அதுல சம்பாரிச்ச பரம்பரை. காஞ்ச பேப்பர், அட்டை, கழுவுன பால் கவரு எடைக்குப் போகும், சாம்பார் ஊறுன அட்டை போகாது. பளபளக்குற சிப்ஸ் பாக்கெட்டு பல அடுக்கை ஒட்டுனது, பிரிச்சு எடுக்க முடியாதுன்னு அதைத் தொடமாட்டாரு. இன்னொண்ணும் சொல்லுவாரு. பால் கவரோட மூலையைத் துண்டா நறுக்கக் கூடாது, ஒட்டிக்கிட்டே இருக்கணும். கவரு கடைக்கு வந்துரும், அந்தத் துணுக்குதான் சாக்கடைக்குப் போயிரும்.

இனிமேதான் விசயமே இருக்கு. மக்குறது, மக்காதது, ஆபத்தானதுன்னு மூணாப் பிரிக்கணும்னு 2016-லயே விதி போட்டிருந்தாக. நம்ம பொம்பளைகளும் பச்சை வாளி, நீல வாளின்னு பிரிச்சுத்தான் வச்சாக. காலையில வண்டி வந்துச்சு, ரெண்டு வாளியையும் ஒண்ணாக் கவுத்துக்கிட்டுப் போயிருச்சு. அதைக் கண்ணால பாத்தவ மறுநாள் எதுக்குப் பிரிப்பா? நீங்க என்னடான்னா அவ வாசல்லயே நின்னு, அவளுக்கே நோட்டீஸ் நீட்டுறீக. அவ திருந்தி ரொம்ப நாளாச்சு, நகருங்க.

வண்டிக்குப் பின்னாடி போங்க. எங்க போகுது, எங்க கொட்டுது, உரக்கெடங்குல சேருதா, கம்மாக்கரையில புகையுதான்னு பாத்துட்டு வாங்க. வண்டி தள்ளுற அக்காவை வையாதீக. நடுவுல தடுப்பே இல்லாத வண்டியைக் குடுத்தா அவ எங்க பிரிச்சுப் போடுவா? அவ கைக்கு உறை இருக்கான்னு கேட்டீகளா? தடுப்பு வச்ச வண்டி, கையுறை, உரக்கெடங்கு, இந்த மூணையும் கேட்டு மனு எழுதிப் பேரூராட்சி ஆபீசுல குடுங்க. குடுக்கும்போது எடுக்குற போட்டோவோட நிறுத்திக்கிறாம, பதில் வர்ற வரைக்கும் நடங்க. பட்டப்பகல்ல எரியுற தெருவிளக்கையும் போற வழியில எண்ணி, அதே மனுவுல சேத்துருங்க. நோட்டீஸ் செலவுல பாதி மிச்சமாகும்.

எல்லாஞ் சரி, ஒரே ஒரு சந்தேகம். வண்டி காலையில ஆறு மணிக்கெல்லாம் தெருவைத் தாண்டிரும். பேராண்டிக எத்தனை மணிக்கு எந்திரிப்பீக?