பரணேறாத வாக்குவம் கிளீனர்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தமிழில் ‘அலகு’ என்றால் பறவையின் மூக்கு, துடைப்பமும் அலகுதான். திருவதிகைக் கோயிலில் திலகவதியார் திருவலகு இட்டார் என்று பெரியபுராணம் சொல்வது, அவர் கோயிலைப் பெருக்கினார் என்பதைத்தான். இன்றைய பள்ளிப் பாடநூலிலோ அலகு என்றால் யூனிட். பெருக்கும் கருவியின் பெயர் எப்படி அளவையின் பெயராகவும் ஆனது என்பதை மொழியியலார் விளக்கட்டும். ஆனால் அந்த இரண்டு அலகுகளையும் ஒரே மூச்சில் விற்பவர் வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்தான்: “வாக்குவம் கிளீனரா சார்? ஆயிரத்து நானூறு வாட் இருக்கு, ஆயிரத்து அறுநூறு வாட் இருக்கு. எது எடுக்கட்டும்?”

தனியாக இருக்கும் எழுபது தாண்டிய தாயாருக்கு நல்ல வாக்குவம் கிளீனரைத் தேர்வது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள். ஆய்வுக் களம், கும்பகோணம் பக்கத்தில் முற்றம் வைத்த ஒரு வீடு. ஆய்வாளர், சென்னையில் வேலை பார்க்கும் மகன். மாதிரி அளவு ஒன்று. அந்த ஒன்றும் ஆரம்பத்திலேயே ஒத்துழைக்க மறுத்துவிட்டது: “துடைப்பம் இருக்கறச்சே இதெல்லாம் எதுக்குடா?”

இந்த ஒரு கேள்வியை வைத்தே ஆய்வை முடித்திருக்கலாம். முடிக்காததற்குக் காரணம், தாயாரின் முழங்கால். குனிந்து பெருக்கிவிட்டு நிமிர்வதற்கு அவர் தூணைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு கருதுகோள் வகுக்கப்பட்டது: வாங்கிய ஆறு மாதத்துக்குள் எது பரணேறவில்லையோ, அதுவே நல்ல வாக்குவம் கிளீனர். உறிஞ்சும் திறன், விலை, நிறம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முன்னோடிகளைத் தேடியதில் இரண்டு பேர் கிடைத்தார்கள். முதலாமவர் ஹூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். தூசியை ஊதித் தள்ளும் கருவி ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர். நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை விரித்து, வாயால் உறிஞ்சிச் சோதித்தும் பார்த்தார். 1901இல் அவர் செய்த இயந்திரத்தைக் குதிரை இழுத்துவர வேண்டும். வண்டியைத் தெருவில் நிறுத்தி, நீளக் குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். உலகத்தில் எந்தப் பரணிலும் ஏற்ற முடியாத மாடல் இது. கருதுகோளுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியும், குதிரைக்குப் புல் யார் போடுவது என்று தாயார் கேட்பார் என்பதால் கைவிடப்பட்டது.

இரண்டாமவர்தான் நம்முடைய ஆள். ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்லர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர். ஆஸ்துமாக்காரர். பெருக்கும்போது கிளம்பும் தூசி மூச்சை அடைத்தது. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து அவர் ஒன்றைச் செய்தார்; 1908இல் காப்புரிமையும் வாங்கினார். அதை விலைக்கு எடுத்தவர்தான், பிற்பாடு தம் பெயரிலேயே வாக்குவம் கிளீனர் விற்ற ஹூவர். காப்புரிமை கிடைத்தபோது ஸ்பாங்க்லருக்கு வயது 59. இன்று கையால் தள்ளும் மாடல்களுக்கெல்லாம் மூதாதையைச் செய்தவர் அறுபதைத் தொட இருந்த, மூச்சிரைப்புள்ள ஒரு பெரியவர். வயதானவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது என்று சொல்லும் மகன்கள் இதைக் கவனிக்கலாம். அவருடைய இயந்திரத்திலும் துடைப்பக் கட்டை இருந்தது என்பதைத் தாயார் மட்டும் கவனித்தார்.

இனி வாட். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் வாட், இயந்திரம் எவ்வளவு கரண்ட் தின்னும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு தூசி தின்னும் என்பதற்கான கணக்கு அல்ல. நிறையச் சாப்பிடுகிறவர் நிறைய வேலை செய்வார் என்று எந்தக் கல்யாண வீட்டிலும் நிரூபிக்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வாக்குவம் கிளீனர்களை விற்கக்கூடாது என்றது. 2017இல் அந்த வரம்பை 900க்கு இறக்கியது. கும்பகோணத்தில் இந்தச் சட்டம் செல்லாது. ஆனால் பிளக் பாயிண்ட் செல்லும். 230 வோல்ட்டில் 1600 வாட் என்றால் ஏறக்குறைய ஏழு ஆம்பியர். பழைய வீட்டுக் கூடத்தில் இருப்பதோ ஐந்து, ஆறு ஆம்பியர் பிளக். பதினாறு ஆம்பியர் பிளக் ஒன்றே ஒன்று. அதுவும் சமையலறையில், கிரைண்டருக்காக. ஐந்து மீட்டர் ஒயர் கூடத்துத் தூண்வரைகூட வராது.

கரண்ட் பில் பற்றிய தாயாரின் அச்சத்துக்கு மட்டும் பதில் எளிது. ஆயிரம் வாட் இயந்திரம் தினம் அரை மணி ஓடினால் அரை யூனிட்; இரண்டு மாதத்துக்கு முப்பது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்று எடுத்துச் சொன்னபோது, “அந்த நூறு ஏற்கெனவே ஃபேனுக்கே போயிடறதே” என்றார். தரவு சரிபார்க்கப்பட்டது. அவர் சொன்னது சரி.

எடைதான் உண்மையான விஷயம். சக்கரம் வைத்த டப்பா மாடல் நாலைந்து கிலோ. வழவழப்பான தரையில் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். நிலைப்படி வந்ததும் நின்றுவிடும். இந்த வீட்டில் நிலைப்படிகள் ஏழு. ஒயர் இல்லாத கைத்தடி மாடல் இரண்டரை, மூன்று கிலோவில் கிடைக்கிறது. காலில் ஒயர் தடுக்காது என்பது வயதானவர்களுக்குப் பெரிய லாபம். ஆனால் பலவற்றில் மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடி அருகில்தான் இருக்கின்றன, எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். சிலவற்றில் துப்பாக்கி விசை போன்ற ஒன்றை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டுவலி விரல்களுக்கு அது தண்டனை. ஒருமுறை தட்டினால் ஓடி, மறுமுறை தட்டினால் நிற்கும் பொத்தான் வேண்டும். கடையில் மகன் தூக்கிப் பார்த்துப் பயனில்லை. தாயாரை அழைத்துப் போய் ஐந்து நிமிடம் தள்ளவிட வேண்டும்.

சத்தம் குறித்து நூல்கள் டெசிபெல் கணக்குத் தருகின்றன. சாதாரண மாடல்கள் எழுபதிலிருந்து எண்பதுக்குள். களஆய்வில் இதற்கு வேறோர் அளவுகோல் கிடைத்தது. குக்கர் விசிலை எண்ண முடிகிறதா? முதல் சோதனையில் மூன்று விசில் வைக்க வேண்டிய துவரம்பருப்பு எத்தனை விசிலில் இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று சாம்பாரில் பருப்பு இருந்ததற்குத் தடயம் நிறம் மட்டுமே.

தூசியிலும் ஊருக்கு ஊர் குணம் உண்டு. வெளிநாட்டு விளம்பரங்களில் நாய் முடியும் ரொட்டித் துணுக்கும் வரும். இங்கே வருவது கோலமாவு, விபூதி, ஊதுபத்திச் சாம்பல். இந்த நைஸ் பொடிகள் வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். கழுவிப் போடக்கூடிய வடிகட்டி நல்லதுதான். ஆனால் நன்றாகக் காயாமல் மாட்டக்கூடாது. ஐப்பசி மழையில் எது காய்ந்திருக்கிறது? போதாக்குறைக்கு, பிரஷ் உருளையில் நீள முடியும் பூ நாரும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். உருளையைக் கையால் கழற்ற முடிகிறதா, திருப்புளி தேடவேண்டுமா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

உறிஞ்சிய தூசி சேர்வது பையிலா, டப்பாவிலா என்பது அறிஞர்களிடையே பெரிய விவாதம். டப்பாவைக் கொட்டும்போது தூசி முகத்தில் அடிக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பையே மேல். இந்த வீட்டில் ஆஸ்துமா இல்லை. வைர மூக்குத்தி இருக்கிறது. அதன் திருகாணி ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனது. கண்ணாடி மாதிரியான டப்பா என்பதால், கோலமாவுக்கும் முடிக்கும் நடுவே அது மினுக்கியது தெரிந்தது. விவாதம் அத்துடன் முடிந்தது.

ரோபோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் ரூம்பா வந்ததிலிருந்து தானே ஊர்ந்து பெருக்கும் தட்டுகள் பெருகிவிட்டன. அடியிலுள்ள உணரிகள் பள்ளத்தை உணர்வதால் முற்றத்தில் விழாது; கறுப்புத் தரையையே பள்ளமென்று நினைத்துத் தயங்கும் மாடல்களும் உண்டு. ஆனால் கோலம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. சுவாமி அறையில் போட்ட படிக்கோலத்தை அது கால்வாசி தின்ற அன்றே திருப்பி அனுப்பப்பட்டது.

கடைசியில் வாங்கியது இரண்டரைக் கிலோ கைத்தடி மாடல். மாட்டிய இடம் கூடத்தில், துடைப்பத்துக்குப் பக்கத்து ஆணி. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது, ஆனால் உறிஞ்சலாமா என்ற சாஸ்திரச் சிக்கல் எழுந்தது. தூசி வெளியே போகாமல் டப்பாவில்தானே இருக்கிறது, லட்சுமியும் வெளியே போகவில்லை என்று தாயாரே தீர்ப்பளித்தார். வேலைக்கு வரும் அக்கா லீவு போட்ட நாட்களில் இயந்திரம் ஓடியது.

ஆறாம் மாதம் ஆயுத பூஜை. இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் துடைப்பத்துக்கும். படைத்த பொரிப் பொட்டலம் பேரன் கையிலிருந்து கூடம் முழுக்கச் சிதறியது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. தாயார் இயந்திரத்தைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ராத்திரி எட்டு மணிக்குத் தூணடியிலிருந்து எறும்புகள் வரிசையாகக் கிளம்பின.