ஏழு விநாடி

வருகிற 2026 ஆகஸ்ட் 12ஆம் தேதி பூமிக்கு ஏழு விநாடி ஈர்ப்பு விசை இருக்காதாம். எங்கள் குடும்பப் புலனக் குழுவில் நேற்று மறுபடியும் வந்துவிட்டது. அனுப்பியவர் சித்தப்பா. அடியில் கைகூப்பிய படம், அதற்குக் கீழே 'நாசா உறுதி', அதற்கும் கீழே 'பத்துப் பேருக்கு அனுப்பவும்'. "நாசாவே இல்லைன்னு சொல்லிடுச்சு சித்தப்பா" என்று போட்டேன். "சரி தம்பி, எதுக்கும் கவனமா இருங்க" என்று பதில் வந்தது. சித்தி ஒரு ரோஜாப்பூ போட்டார். விவாதம் முடிந்தது.

உண்மையில் குலிம் சிலிக்கான் கார்பைடு தொழிற்சாலையைப் பற்றி எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் திறந்தது. மின்சாரக் காருக்குள் போகிற சிப் எங்கள் பாக்கார் ஆராங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரில் தயாராகிறது. அதற்கு வருகிறேன். முதலில் இந்த ஏழு விநாடியை ஒரு வழி பண்ண வேண்டும்.

நம் ஆட்களுக்கு விநாடிக் கணக்கு புதிதல்ல. திருநள்ளாற்றுக்கு மேலே வந்ததும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்கின்றனவாம் என்று கோயில் மைக்கிலேயே கேட்டிருக்கிறேன். அப்போது மூன்று, இப்போது ஏழு. எதுதான் விலை ஏறவில்லை? போன வருஷம் ஆகஸ்ட் 2ஆம் தேதி கிரகணத்தால் உலகமே ஆறு நிமிஷம் இருட்டாகும் என்றார்கள். அந்தக் கிரகணம் 2027 ஆகஸ்ட் 2இல்தான். அதுவும் நமக்கில்லை, எகிப்துப் பக்கம். பிறகு அட்லஸ் வால்மீன் வேற்றுக்கிரகக் கப்பலானது. அது பூமிக்கு மிக அருகில் வந்ததே ஏறக்குறைய 27 கோடி கிலோமீட்டர் தள்ளி. சித்தப்பா அன்றைக்கு யாரையும் மாடியில் துணி காயப்போட வேண்டாம் என்றார்.

இந்தத் தடவை காரணம் இரண்டு கருந்துளைகளின் ஈர்ப்பு அலையாம். ஐயா, அந்த அலை 2015 செப்டம்பர் 14ஆம் தேதியே வந்து போய்விட்டது. 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதிக் கிளம்பிய அலை. அமெரிக்காவில் லைகோ என்கிற கருவியின் நான்கு கிலோமீட்டர் கையை அது அசைத்த அளவு, ஒரு புரோட்டானின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பாக்கார் ஆராங்கையும் அது கடந்துதான் போயிருக்கும். ஒருவர் டீயிலும் நுரை கலையவில்லை.

இருக்கட்டும். பூமியின் ஈர்ப்பு எங்கேயோ ஏழு விநாடி லீவு போட்டுப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி தூக்கம் கெட்டு நான் போட்ட கணக்கு இது. வேறு வேலை இல்லையா என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

ஈர்ப்பு நின்றால் நாம் ராக்கெட் மாதிரி கிளம்ப மாட்டோம். பூமி சுழல்வதால் மட்டும் மெல்ல விலகுவோம். முதல் விநாடியில் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஏழாவது விநாடி முடிவில் எண்பது சென்டிமீட்டர், நம் சாப்பாட்டு மேசை உயரம். காற்றும் கடலும் பாறையும் என்ன ஆகும் என்பதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் சிரிக்க முடியாது. சித்தப்பா அனுப்பியதில் உலக நேரம் 14.33 என்று போட்டிருந்தது. நமக்கு அது இரவு 10.33. தூங்குகிற சித்தப்பா போர்வையோடு எழும்பி, போர்வையோடு மெத்தையிலேயே விழுவார். குறட்டைகூட நிற்காது.

முனைக் கடையில்தான் வேடிக்கை. தே தாரேக் இழுக்கிறவர் கையை உயர்த்திய நேரம் பார்த்து ஈர்ப்பு போகிறது. பாதி வழியில் இருக்கிற டீ நேராகக் கீழ்க் குவளையில் மோதி, அவர் முகத்துக்கே திரும்பி வரும். மேல் குவளையில் மிச்சமிருக்கிற டீயோ எவ்வளவு சாய்த்தாலும் இறங்காது. ரொட்டி சானாய் வீசுகிறவர் மாவைத் தட்டிவிட்டிருந்தால் அது கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். டால்சா தட்டிலிருந்து உருண்டையாகக் கிளம்பும். "அண்ணே, பில்லு" என்று கேட்டவர் மிச்சக் காசைக் காற்றில் பொறுக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை கப்சாய் ஓட்டுகிற பையன்கள்தான். எங்கள் தாமானில் ரோட்டு பம்ப் ஒன்று இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து அதில் ஏறுகிற வண்டி, விநாடிக்கு ஒரு மீட்டர் மேல்நோக்கி எகிறினால் போதும். ஏழு விநாடியில் ஏழு மீட்டர் உயரம், நூறு மீட்டருக்கு மேல் தூரம். சர்ச் தாண்டி, தமிழ்ப்பள்ளி தாண்டி, மாடிவீட்டுக் கூரைக்கு மேலே பறப்பான் பையன். எட்டாவது விநாடியில் ஈர்ப்பு திரும்பி வரும். பம்ப் உயரமாக இருக்கிறது, குறையுங்கள் என்று எத்தனை காலமாகச் சொல்கிறோம்! ஈர்ப்பு இருக்கும்போதே அதில் முதுகு போகிறது. அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டு வருகிறதா?

குலிமுக்கு இடமில்லாமல் போய்விட்டது. போகட்டும், சிலிக்கான் கார்பைடை எப்படியும் யாரும் பத்துப் பேருக்கு அனுப்பப் போவதில்லை.

ஆகஸ்ட் 12இல் நிஜமாகவே முழு சூரிய கிரகணம் உண்டு. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின்காரர்களுக்கு. நமக்கு அன்று இரவு அமாவாசை வானம், மேகம் விட்டால் நள்ளிரவுக்குப் பிறகு பெர்சீட் எரிகற்கள். ஃபார்வர்டு அனுப்பியவர்களிடம் ஒரே வேண்டுகோள்: 13ஆம் தேதி காலையில் அதே குழுவில், அதே பத்துப் பேருக்கு, 'ஒன்றும் நடக்கவில்லை' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அப்படி ஒரு வரியை இதுவரை எந்தக் குழுவிலும் நான் பார்த்ததில்லை.