வரிசையில் நிற்பவர் முடித்துவிட்டுப் போகட்டும்

குன்னம் பக்கத்து ஆட்களுக்கு ரயில் என்றால் அரியலூர்தான். மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கே ரயில் நிலையம் கிடையாது. முன்பெல்லாம் டெல்லியில் பரீட்சை, மும்பையில் வேலை என்று யாராவது கிளம்பினால், டிக்கெட் எடுக்க விடியுமுன் அரியலூர் பஸ்ஸைப் பிடிப்பார்கள். 1999-இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து முன்பதிவு மையங்களும் ஒரே வலையில் இணைக்கப்பட்ட பிறகு, எந்த ஊர் கவுன்டரில் நின்றும் எந்த ஊர் ரயிலுக்கும் பதிவு செய்யலாம் என்றானது. எங்கள் பக்கத்துக்கு அது பெரிய வரம். கூட்டமும் அதற்கேற்பக் கூடியது. தீபாவளிக்கு முன்பு கவுன்டர் வாசலில் துண்டு, மஞ்சள்பை, செருப்பு, செங்கல் எல்லாம் இடம் பிடித்து வைத்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவரை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அவர் ரயில்வே ஆள் இல்லை. அவரும் டிக்கெட் எடுக்க வந்தவர்தான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வந்தவர்களின் பெயரை வரிசையாக எழுதுவார். இரண்டாவது கவுன்டர் திறந்ததும் கடைசியில் நிற்பவர்கள் ஓடிப்போய் முதலில் நிற்பதுதான் உலக வழக்கம். இவர் கையை நீட்டி மறித்துவிடுவார். "ஏம்ப்பா, பின்னால வந்தவன் முன்னால போனா, முன்னால வந்தவன் எதுக்கு ராத்திரியே எந்திரிச்சான்?" என்று கேட்பார். ஒற்றைப்படை எண்காரர்கள் இந்தப் பக்கம், இரட்டைப்படைக்காரர்கள் அந்தப் பக்கம். ஒரு கவுன்டரில் ஐந்தாறு பேருக்கு ஒரே விண்ணப்பம் நீட்டுகிறவர் மாட்டிக்கொண்டு வேலை இழுத்தால், அடுத்து வருபவரை மற்றதற்கு அனுப்புவார். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அந்த வரிசை முழுவதையும் சண்டையில்லாமல் மற்றதில் கொண்டுவந்து சேர்ப்பார். கைக்குழந்தையோடு வந்தவளை யாரையும் கேட்காமல் முன்னால் நிறுத்துவார். ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

இன்று குன்னத்தில் என் வீட்டில் உட்கார்ந்து நான் செய்கிற வேலை அவருடைய வேலைதான். பெயர் மட்டும் லோடு பேலன்சர். ஒரு இணையதளத்துக்குப் பின்னால் நான்கு சர்வர்கள் இருந்தால், வருகிற ஒவ்வொருவரையும் எதற்கு அனுப்புவது என்று வாசலில் நின்று முடிவு செய்யும் மென்பொருள். நான் பயன்படுத்துவது ஹெச்ஏபிராக்ஸி. லினக்ஸ் கர்னலுக்குப் பங்களித்த வில்லி டாரோ 2000-இல் எழுதத் தொடங்கியது; இலவசம். ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸும் இதே வேலையைச் செய்யும். அரியலூர் பஸ்ஸுக்கு நாங்கள் விடியலில் காத்துக் கிடந்த காலத்தை ஒட்டித்தான், உலகின் வேறு மூலைகளில் இரண்டு பேர் கூட்டத்தை முறையாகப் பிரிப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நிறுவுவது எளிது. உபுண்டு சர்வரில் ஒரு வரிக் கட்டளை, ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. அதன் பிறகு அமைப்புக் கோப்பில் இரண்டு பகுதி எழுத வேண்டும்: முன்வாசல் எந்த போர்ட்டில் திறந்திருக்கும், பின்னால் எந்தெந்த சர்வர்கள் நிற்கும். எழுதி முடித்ததும் உடனே அதை இயக்கிவிடக் கூடாது. கோப்பில் பிழை இருக்கிறதா என்று ஹெச்ஏபிராக்ஸியே சோதித்துச் சொல்லும். 'சி' என்ற ஒற்றை எழுத்து ஆப்ஷன் போதும். செல்லும் என்று அது சொன்ன பிறகு சிஸ்டம்சிடிஎல் என்ற கட்டளை வழியாக ரீஸ்டார்ட்; எனேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எனேபிள் ஆகாமல் இருந்தால் மின்சாரம் போய் வந்த பிறகு வாசல் தானாகத் திறக்காது.

பெரியவரின் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறைக்கு இங்கே ரவுண்ட் ராபின் என்று பெயர். வேலை குறைவாக இருக்கிற பக்கம் அனுப்பினால் லீஸ்ட் கான். கவுன்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில் மென்பொருள் அவரை மிஞ்சிவிடுகிறது. சோதனையை இயக்கிவிட்டால், இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் தொட்டுப் பார்க்கும். தொடர்ந்து 3 முறை பதில் வரவில்லை என்றால் அதை வரிசையிலிருந்து எடுத்துவிடும். பிறகு 2 முறை சரியாகப் பதில் வந்தால் திரும்பச் சேர்க்கும்.

ஆனால் வாசலை மட்டும் ஒழுங்கு செய்து ஒரு கூட்டத்தைக் காப்பாற்றிவிட முடியாது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, முதல் நாளில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர்தான். உள்ளே கணக்குத் தொடங்கும் இடம் ஒன்றே ஒன்று. எல்லோரும் அங்கே முட்டிக்கொண்டு நின்றார்கள். நம் நாட்டில் 2021 ஏப்ரல் 28 அன்று மாலை, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு தொடங்கியது. கோவின் தளத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அன்றே பதிந்தார்கள். பதிவு கிடைத்தது, ஊசி போட நேரம் கிடைக்கவில்லை என்று பலர் தவித்தார்கள். பின்னால் சரக்கு இல்லாதபோது எந்த லோடு பேலன்சரும் உதவாது.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. பெரியவர் முகத்தைப் பார்த்து வரிசை அமைத்தார். மென்பொருள் பார்ப்பது ஐ.பி. முகவரியை. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப ஒரே சர்வருக்கு அனுப்ப, முகவரியை வைத்துப் பிரிக்கும் 'சோர்ஸ்' முறையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் நன்றாகவே ஓடும். எங்கள் ஊரில் இணையம் என்றால் பெரும்பாலும் செல்போன். செல்போன் நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. பல ஊர்க்காரர்கள் ஒரே ஆளாகத் தெரிவார்கள். அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய் விழுவார்கள், பக்கத்து சர்வர் சும்மா இருக்கும். ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைதான் என்று கட்டுப்பாடு வைத்துவிட்டால் இன்னும் மோசம். தப்பு செய்யாத ஊர் முழுவதும் வெளியே நிற்கும். குக்கீ வைத்து ஆளை அடையாளம் காணும் வழி அதே மென்பொருளில் இருக்கிறது. அதை எழுத நான்கைந்து வரிதான் கூடுதல். அந்தச் சிரமத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று என்னோடு வேலை செய்கிறவர்களிடம் வாதாடிக்கொண்டே இருக்கிறேன்.

நேர வரம்பும் அப்படித்தான். உபுண்டு தருகிற தொடக்கக் கோப்பில், பயனர் பக்கத்திலிருந்து 50 நொடி அசைவே இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும்படி எழுதியிருக்கும். நகரத்தில் அது தாராளம். மக்காச்சோளக் காட்டு நடுவில் ஒற்றைக் கோடு சிக்னலில், பட்டாவைப் படமெடுத்து ஏற்றுகிற விவசாயிக்கு அப்படி இல்லை. இடையில் சிக்னல் ஒரு நிமிடம் போனால் படம் பாதியில் நிற்கும்.

இதனால்தான் ஸ்டார்ட்டைவிட ஸ்டாப்புக்கு நான் அதிகம் பயப்படுகிறேன். ஸ்டாப் என்று அடித்தால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது கேட்காது. அந்த நொடியே எல்லா இணைப்பும் அறுந்துவிடும். வேகமான இணைப்புக்காரர்கள் பெரும்பாலும் அதற்குள் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் பாதியில் நிற்பவர் மெதுவான இணைப்புக்காரர்தான், அதாவது எங்கள் ஊர்க்காரர். அமைப்பை மாற்றியதும் ஸ்டாப், ஸ்டார்ட் என்று போடுவது பழக்கமாகிவிட்டவர்கள் அநேகம். அதற்குப் பதில் ரீலோட் கொடுத்தால், புதியவர்களைப் புதிய பிராசஸ் வாங்கிக்கொள்ளும். பழைய பிராசஸ் தன்னிடம் உள்ளவர்கள் முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போகும்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். பின்னால் நிற்கும் சர்வர் ஒன்றில் கர்னலைப் புதுப்பிக்க வேண்டும்.

"அண்ணா, ரெண்டாம் சர்வரை நிறுத்திடவா?"

"உள்ள எத்தனை பேர்ப்பா?"

"முப்பத்தஞ்சு, நாப்பது இருக்கும். மத்த மூணும் தாங்கும்ணா."

"புதுசா வர்றவங்களைத் தாங்கும். இவங்க பாதி ஃபார்ம் நிரப்பியிருப்பாங்களே. டிரெய்ன்ல போடு."

இங்கே டிரெய்ன் என்றால் ரயில் இல்லை, வடியவிடுவது. அந்த நிலையில் அந்த சர்வருக்குப் புதிய ஆள் போக மாட்டார். குக்கீயோடு ஏற்கெனவே வந்தவர் தொடர்ந்து போகலாம். ஹெச்ஏபிராக்ஸியின் புள்ளிவிவரப் பக்கத்தில் எண்ணிக்கை மெல்லக் குறைவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவனுக்குப் பொறுமை இல்லை. நடுவே இரண்டு முறை கூப்பிட்டான். கடைசி இணைப்பும் முடிந்த பிறகு கர்னலைப் புதுப்பித்து, ரீபூட் செய்து, திரும்ப வரிசையில் சேர்த்தான்.

காத்திருக்கவும் ஒரு எல்லை தேவைதான். ரீலோட் கொடுத்த பிறகு, நீண்ட நேரம் திறந்தே கிடக்கும் இணைப்புகள் இருந்தால் பழைய பிராசஸ் நாள்கணக்கில் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதற்கு ஹார்ட் ஸ்டாப் ஆஃப்டர் என்ற அமைப்பு உண்டு. எவ்வளவு நேரம் என்பதை நாம்தான் எழுத வேண்டும். 30 விநாடி போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அரை மணி நேரம் எழுதுகிறேன். விண்ணப்பம் வாங்கும் தளங்கள் என்றால், கூட்டம் குவிகிற கடைசி வாரத்தில் அவற்றின் சர்வர்களில் எதையும் தொடுவதில்லை.