காத்தை விரட்டிட்டு மீனைத் தேடுலே

என்னலே தம்பி, மீன் தேடுற எக்கோ கருவி வாங்கிட்டியாமே? கரை முழுக்க அதான் பேச்சு. ஏழு இஞ்சுத் திரை, கலர் கலராக் காட்டும்னு மார்தட்டுதியாம். காட்டட்டும். திரையை எங்க மாட்டினா எடுப்பா இருக்கும்னு நாலு பேரைக் கூட்டி யோசிச்சிய. அதோட வயர்ல தொங்குதே ஒரு கறுப்புக் கட்டி, டிரான்ஸ்டூசர், அதை எங்க வைக்கன்னு யாராவது யோசிச்சியளா? மீனைத் தேடுறது அந்தக் கட்டிதாம்லே. அது சொன்னதைத்தான் திரை எழுதும்.

வள்ளத்து அடியில துளை போட்டு மாட்டுன்னு ஒருத்தன் சொன்னானாம். நல்ல புத்தி! தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதானே காசைக் கொட்டி வள்ளம் செஞ்ச? பின்னால, கடையால்ல வெளிய மாட்டுன்னான் இன்னொருத்தன். மாட்டலாம், துறைமுகத்துல கட்டுற போட்டுக்கு. உனக்கு ஏதுலே துறைமுகம்? மணல்ல இழுத்து ஏத்துற வள்ளம். டிராக்டர்ல கயித்தைக் கட்டி இழுக்கும்போதே கட்டி பிய்ஞ்சு மணலுக்குள்ள போயிரும். அதுல தப்பினா வலை சுத்தும்.

அதான் சொல்லுதேன், உள்பக்கமே ஒட்டிரு. பைபர் வழியாவே சத்தம் கீழ போகும், தரையில மோதித் திரும்பி வரும். கொஞ்சம் பலம் குறையும், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. நம்ம கரைக்கடலுக்கு அது ஒண்ணும் பெரிய நட்டமில்ல.

ஆனா உன் வள்ளம் முழு பைபரான்னு மொதல்ல பாரு. 2004 சுனாமிக்குப் பொறவு எங்க பார்த்தாலும் பைபர்தான், ஆனா எல்லாம் ஒண்ணு இல்ல கேட்டியா. பழைய மரத்து மேல பைபர் போத்தினது உண்டு. கவுந்தாலும் மிதக்கட்டும்னு அடியில ஃபோமோ தெர்மாகோலோ அடைச்சது உண்டு. அது மேல ஒட்டிட்டு, கடல்ல மீனே இல்லன்னு ஒப்பாரி வைப்ப. மீன் இருக்கும்லே, சத்தம் அந்த ஃபோமுக்குள்ளயே செத்துப் போயிருக்கும். மரத்துக்கும் இது சரிப்படாது. கட்டி உக்காருற இடத்துல மட்டும் ஃபோமை நறுக்கி எடுத்துட்டு, அடித்தோல்ல ஒட்டு. கெட்டிக்காரத்தனமா மொத்தத்தையும் வழிச்சு எடுத்துராத. கவுந்தா உன்னை மிதக்க வைக்கிறது அதுதான்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது வயித்துல குளுகுளுன்னு ஜெல் தடவுதாங்களே, எதுக்குலே? அழகுக்கா? கருவிக்கும் தோலுக்கும் நடுவுல காத்து நிக்கக்கூடாதுன்னு. அதே சங்கதிதான் இங்கயும். கடல் தண்ணியில சத்தம் செகண்டுக்கு 1500 மீட்டர் ஓடும். ஆனா காத்து எதிர்ல வந்தா அப்படியே திரும்பிரும். கட்டிக்கு அடியில சின்னதா ஒரு குமிழி நின்னாலும் அந்த இடம் குருடுதான். ஆயிரக்கணக்குல போட்டு வாங்கின திரைக்கு எதிரி யாரு? காசில்லாம கிடைக்கிற காத்து!

ஒட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை கடல்ல சோதிச்சுப் பாரு. கட்டியை வள்ளத்துக்கு வெளிய தண்ணியில தொங்கவிட்டு, தரை எவ்வளவு பளிச்சுனு தெரியுதுன்னு கண்ணுல வாங்கிக்க. பொறவு வள்ளத்துக்குள்ள நாலு விரல்கடை தண்ணி ஊத்தி, கட்டியை அதுல அமுக்கிப் பிடி. அங்க இங்க நகத்து. எங்க வெளிய தெரிஞ்ச மாதிரியே தெரியுதோ அதான் இடம். கடையால் பக்கம், நடுவை ஒட்டி, வள்ளம் பாய்ஞ்சாலும் தண்ணியை விட்டுத் தூக்காத எடமாப் பாரு. அடியில வரிவரியாப் புடைச்சிருக்குமே, அதுக்குப் பின்னால வச்சா ஓட்டத்துல நுரைதான் அடியில போகும். இதெல்லாம் பெட்டியோட வந்த புஸ்தகத்துலயே போட்டிருக்கும். அதைத்தான் நீ கவரே பிரிக்கலியே!

எடம் தெரிஞ்சாச்சா? தண்ணியை இறைச்சு நல்லாக் காய விடு. உள்பக்கம் பைபர் கரடுமுரடா, பாய் நெய்த தடம் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய். தேய்ச்சு உள்ளங்கையை வச்சுப் பாரு, வழுவழுன்னு ஓடணும். அசிட்டோன் தொட்டுத் துணியால துடை. டீசல் பிசுக்கு ஒரு சொட்டு இருந்தாலும் பசை பிடிக்காது. பசைன்னா சிலிக்கான் டியூபைத் தூக்கிட்டு வராத. அது காய்ஞ்சா ரப்பர், சத்தத்தை முழுங்கிரும். எபாக்சி வேணும், அதுவும் மெதுவா இறுகுறது. அஞ்சு நிமிசத்துல இறுகுறது சூடாகிக் குமிழி விடும். கலக்கும்போது ஆம்லெட்டுக்கு அடிக்கிற அடி அடிக்காத, பையக் கலக்கு. குட்டையா ஊத்தி, கட்டியைச் சாய்ச்சு இறக்கி, அமுக்கித் திருகு. ஓரத்துல முணுக்கு முணுக்குன்னு காத்து வெளியேறும் பாரு. அது நிக்கிற வரைக்கும் திருகணும். வயரு நீளமா இருக்குன்னு வெட்டிராத. இஞ்சின் வயரோட சேர்த்துக் கட்டவும் செய்யாத, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாப் பொரியும்.

தண்ணிச் சூடு காட்டுமேன்னு குதிச்சியே. உள்ள ஒட்டினா வள்ளத்து வயித்துச் சூட்டைத்தான் காட்டும். பக்கவாட்டு ஸ்கேன், படம் பிடிச்ச மாதிரி டவுன் ஸ்கேன்னு அதுக்குத் தனியாக் காசு கொடுத்தியாமே? அது 455, 800 கிலோஹெர்ட்ஸ்ல பாயிற சத்தம். பைபரைத் தாண்டிப் போய்ப் படம் எழுத அதுக்கு வலு கிடையாது. 200-ஓ 83-ஓ 50-ஓ இருந்தாப் போதும்னு கடையில யாரும் சொல்லலியா? சொல்லுவானா?

திரையில மீன் பொம்மை வருதுன்னு பூரிச்சுப் போற. குமிழிக்கும் பாசிக்கும்கூட அது பொம்மை போடும்லே. அதை அணைச்சுட்டு வெறும் கோட்டைப் பார்க்கப் பழகு. வளைவா வந்தா மீனு. ஒண்ணு நெனப்புல வச்சுக்க, திரையில வலது ஓரந்தான் இப்ப. இடப்பக்கம் தெரியுற மீனு நீ தாண்டி வந்த மீனு. அதுக்கு முன்னால போய் வலையைப் போட்டா எங்கலே விழும்? அதுவும் நேர் அடியிலதான் நிக்கும்னு இல்ல. சத்தம் விரிஞ்சு போகுது. 20 டிகிரி விரியுற கட்டின்னா 30 மீட்டர் ஆழத்துல பத்து மீட்டர் வட்டம். அந்த வட்டத்துல எந்த மூலையோ!

ஜப்பான்ல ஃபுருனோக்காரங்க 1948-லயே இதை மீன்பிடிக்கக் கொண்டுவந்துட்டாங்க. நீ என்னமோ நேத்துதான் கண்டுபிடிச்ச மாதிரி போட்டோ போடுத. நாங்க ஈயக்குண்டைக் கயித்துல கட்டி இறக்கிப் பாகக் கணக்குல ஆழம் அளந்தோம். மாதா கோயில் கோபுரமும் ஒத்தைப் பனையும் நேர்ல வந்தா பாரு மேல, அதான் கடலடிப் பாறை மேல, நிக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டோம். அந்தக் கயித்தை இன்னும் தூக்கிப் போடாத. திரை சொல்லுற ஆழமும் கயிறு சொல்லுற ஆழமும் ஒத்துப் போகுதான்னு ஒரு தடவை பார்த்துக்க.

ஒட்டின பொறவு ஒரு நாள் முழுக்கக் காயட்டும், தொடாத. அதுக்குள்ள கரையில வச்சே சுவிட்சைப் போட்டு, ஆழம் காட்டலியேன்னு கடைக்காரனுக்குப் போன் அடிச்சு வையாத. வள்ளம் மணல்ல நிக்குது. மணல்ல ஏதுலே ஆழம்?